செவிட்டு கிரீட் யாருக்குச் சொந்தம்

ரென்ஸ்கெ வியார்டாவை நாற்பது வயதுக்கு மேல் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்குள் தள்ளிவிட்டது ஒரு செத்த திமிங்கலம். அதுவரை அவள் எங்கள் பல்கலைக்கழகத்தின் சட்டத் துறையில் வேலி, வரப்பு, எல்லைத் தகராறுகளைப் பாடம் நடத்திக்கொண்டு, மதியம் ரொட்டிக்கு நடுவே சீஸ் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தாள். அவளுக்கு அடுத்த அறை என்னுடையது. நான் அலெய்ட், சட்ட வரலாறு நடத்துகிறேன். நடுச்சுவர் மெல்லியது. அவள் சிரித்தால் என் மேஜையில் காப்பிக் கோப்பை அதிரும்.

அவள் தீவுக்காரி. ஓஸ்டர்ஓக் தீவில் பிறந்து, கரைக்குப் படிக்க வந்து, இங்கேயே தங்கிவிட்டவள். அவள் தம்பி சிபெ அந்தத் தீவுக்கும் கரையிலிருக்கும் நோர்டர்மேடன் ஊருக்கும் நடுவே ஓடும் ஃபெர்ரியில் வேலை பார்க்கிறான். போகும் வழியில் ஒரு மணல்திட்டு வரும். பேர் டோவெ கிரீட், அதாவது செவிட்டு கிரீட். கிரீட் என்று காது கேளாத ஒருத்தி சிப்பி பொறுக்கப் போனாளாம், கடல் ஏறி வரும் சத்தம் கேட்காமல் அங்கேயே மூழ்கிப்போனாளாம். தீவில் பிள்ளைகள் எல்லோரும் இந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்வார்கள்.

முன்பு ஒரு சரக்குக் கப்பல் புயலில் சாய்ந்து, பெட்டி பெட்டியாக ஆரஞ்சுப் பழம் அந்தத் திட்டில் ஒதுங்கியபோது, தீவு மேயரும் நோர்டர்மேடன் மேயரும் திட்டு எங்களுடையது என்று மல்லுக்கு நின்றார்கள். பழம் அழுகியதும் சண்டையும் ஓய்ந்தது. பிறகு ஒரு பிப்ரவரியில் வழி தவறிய திமிங்கலம் ஒன்று அங்கே ஏறிச் செத்தது. இந்த முறை இரண்டு மேயர்களும் திட்டு உங்களுடையதுதான் என்று ஒருவருக்கொருவர் தாராளமாக விட்டுக்கொடுத்தார்கள். தெற்குக் காற்று அடித்தால் நாற்றம் தீவுக்குப் போகும், வடக்குக் காற்று அடித்தால் கரைக்கு வரும். எந்த ஊர் அன்றைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கிறதோ அந்த ஊர் மேயர் தொலைபேசியை எடுத்து, "உங்க திமிங்கலத்தை வந்து எடுத்துட்டுப் போங்க" என்பார்.

உள்ளூர் வானொலிக்காரர்கள் எங்கள் துறையைக் கேட்டார்கள். துறையின் மூத்த பேராசிரியர் கிளிங்க்ஹாமர் வானொலி, காற்று, நாற்றம் மூன்றையும் வெறுப்பவர். ரென்ஸ்கெயை அனுப்பிவைத்தார். அவள் போய் உட்கார்ந்து, "யாருக்குச் சொந்தம்னு யாருக்குமே தெரியாது" என்றாள். வீடு திரும்பும் வழியில் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்துக்கொண்டே அதை யோசித்திருக்கிறாள். அடுத்த நாள் காலை கோட்டைக் கழற்றாமல் என் அறைக்குள் வந்தாள்.

"ஏண்டி, இது நிஜமாவே யாருக்கும் தெரியாதா?"

"நீதானே வானொலியில சொன்னே."

"தெரியாம சொல்லிட்டேன். இப்ப தெரிஞ்சுக்கணும் போல இருக்கு."

விஷயம் பார்ப்பதற்கு எளிது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் இரண்டு ஊரும் ஒரு உடன்படிக்கை போட்டிருந்தன. நடுவில் ஓடும் ஆழமான நீர்ப்பாதைதான் எல்லை என்று அதில் இருக்கிறது. இப்போது ஆழமான பாதை திட்டுக்குத் தெற்கே, கரையை ஒட்டிப் போகிறது. அப்படியானால் திட்டு தீவின் பக்கம். ஆனால் எங்கள் கடல் ஓரிடத்தில் கிடக்கிற கடல் இல்லை. மணல் நகரும், பாதை மாறும். உடன்படிக்கை போட்ட காலத்தில் ஆழம் எங்கே இருந்தது? அதற்குப் பிறகு இடம் மாறியிருந்தால், மெல்ல மெல்ல மாறியதா, ஒரேயடியாகத் தாவியதா? சட்டத்தில் இது முக்கியம். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும். திடீரென்று பாய்ந்து புது வழி பிடித்தால் எல்லை பழைய இடத்திலேயே நிற்கும்.

அதற்குப் பதில் சொல்லச் சட்டம் மட்டும் படித்தால் போதாது. மண்ணைப் படிக்க வேண்டும், பழைய பேர்களைப் படிக்க வேண்டும். ரென்ஸ்கெ மூன்றையும் சேர்த்து ஒரே ஆய்வேடு எழுதுவது என்று முடிவெடுத்தாள். கிளிங்க்ஹாமர் அவள் திட்டத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது சட்டமில்லையே, சேறு. மண்ணியல் துறையில கேட்டுப்பாரு."

மண்ணியல் துறை, இது மண்ணைவிட மொழி பற்றியது என்றது. மொழித் துறை அவளுக்குக் காப்பியும் ஒரே ஒரு பிஸ்கட்டும் கொடுத்து, இது அடிப்படையில் சட்டம்தானே என்று வழியனுப்பிவைத்தது. இந்தச் சுற்று பல மாதம் ஓடியது. ஒவ்வொரு கட்டடத்திலிருந்தும் திரும்பி வந்து என் அறையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, அங்கே பேசியவர் மாதிரியே பேசிக் காட்டுவாள். அவளுக்கு வருத்தம் இருந்தது. ஆனால் அதைவிடச் சிரிப்புதான் அதிகம் வந்தது.

கடைசியில் வழிவிட்டவர் பேராசிரியர் ஸ்தாவ்வெங்கா என்ற மண்ணியல்காரம்மா. குள்ளமான, சுருட்டு பிடிக்கிற, யாரையும் நீ என்றே கூப்பிடுகிற பெண்மணி.

"உனக்குச் சேத்துல நடக்கத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தீவுக்காரி நான்."

"அதைக் கேக்கலை. தீவுக்காரங்க எல்லாரும் படகுல போறவங்க. நடக்கத் தெரியுமான்னு கேட்டேன்."

கடல் வற்றி அடிச்சேறு வெளியே தெரிந்த ஒரு மே மாதக் காலையில் இருவரும் தீவிலிருந்து துளைக்குழாய்களோடு கிளம்பினார்கள். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். பாதி வழியில் ரென்ஸ்கெ தொடை வரைக்கும் புதைந்தாள். எவ்வளவு இழுத்தும் கால் மட்டும்தான் வந்தது, பூட்ஸ் வரவில்லை. ஸ்தாவ்வெங்கா சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே, "விடு, உன் பூட்ஸை இன்னும் ஐநூறு வருஷம் கழிச்சு யாராவது ஆராய்ச்சி பண்ணுவாங்க" என்றார். ரென்ஸ்கெ ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் கம்பளிக் காலுறையுமாகத் திட்டு வரை நடந்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் பார்த்த சந்தோஷத்தை வகுப்பறையில் நான் பார்த்ததே இல்லை.

குழாயை மணலில் இறக்கி உருவினால் உள்ளே மண் அடுக்கடுக்காக ஏறி வரும். மெல்லப் படிந்த சேறு கருப்பும் சாம்பலுமாக மெல்லிய கோடுகளாக இருக்கும். புயல் கொண்டுவந்து கொட்டிய மணல் ஒரே பட்டையாகக் கனமாக இருக்கும். இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க அவள் ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். அதன் வயதைக் கணிக்கக் கற்றுக்கொள்ள இரண்டு வருஷம் ஆயிற்று. நடுநடுவே மொழித் துறை நூலகத்தில் போய் உட்கார்ந்து கடல் வழிகளின் பழைய பேர்களைப் படித்தாள்.

இதற்குள் திமிங்கலத்தின் கதையும் மாறிவிட்டது. அது கிடந்த இடத்திலேயே மணலுக்குள் புதைக்கப்பட்டிருந்தது. புழுக்கள் தின்று தீர்த்து, அலை மேல்மணலை அரித்ததும் எலும்புக்கூடு வெள்ளை வெளேரென்று முழுசாக வெளியே தெரிய ஆரம்பித்தது. அதைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள். உடனே தீவு மேயருக்கு ஒரு அருங்காட்சியகம் தேவைப்பட்டது. நோர்டர்மேடன் மேயருக்கு அதைவிடப் பெரிய அருங்காட்சியகம் தேவைப்பட்டது. செவிட்டு கிரீட் மறுபடியும் இரண்டு ஊருக்கும் சொந்தமானாள்.

தீவு முழுக்க ரென்ஸ்கெயை நம்பி இருந்தது. நம்ம பெண் ஆராய்ச்சி பண்ணுகிறாள், நம் பக்கம்தான் வரும் என்று மேயர் கட்டடத்துக்கு இடம்கூடப் பார்த்துவைத்துவிட்டார். பேக்கரியில் அவளுக்குக் கேக் இலவசம். அவளுக்கும் உள்ளுக்குள் அதே ஆசைதான். மறைத்ததில்லை.

முதல் முடிவு வந்த அன்று என் கோப்பை அதிரவில்லை. நான்தான் எழுந்து போய்ப் பார்த்தேன். மேஜை மேல் மண் அடுக்குகளின் படங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தெற்கால இருக்கிற பாதை அந்தக் காலத்துல பாதையே இல்லடி. தூர்ந்துபோய் குட்டை மாதிரி கிடந்திருக்கு. ஆழம் வடக்கால, எங்க தீவை ஒட்டி இருந்திருக்கு. அப்புறம் ஒரே ஒரு புயல். எல்லாத்தையும் புரட்டிப் போட்டுடுச்சு."

"அப்படின்னா?"

"மெல்ல நகரலை. தாவியிருக்கு. அப்ப எல்லை வடக்காலயே நிக்குது. திட்டு நோர்டர்மேடனுக்கு."

அவளால் அதை ஏற்க முடியவில்லை. திரும்பப் போனாள், வேறு இடத்தில் துளைத்தாள். மழையில் போனாள், பனியில் போனாள். ஸ்தாவ்வெங்கா, "போதும், கிரீட்டை சல்லடை ஆக்கிட்ட" என்கிற வரைக்கும் துளைத்தாள். எல்லாக் குழாயிலும் அதே கனமான மணல் பட்டைதான். கடைசிக் கதவைச் சாத்தியது டோவெ கிரீட் என்ற அந்தப் பேர். ஓடாமல் தேங்கிப்போன தண்ணீரைச் செவிடு என்று சொல்வது பழைய கடலோர வழக்கு. கிரீட் என்பது ஆள் பேரே இல்லை, சரளை மண்ணுக்கு மறந்துபோன ஒரு சொல். டோவெ கிரீட் என்றால் சரளை மூடி ஓட்டம் நின்ற நீர்வழி. முதலில் அந்தப் பேர் தெற்குப் பாதையுடையது. பிற்பாடுதான் பக்கத்திலிருந்த திட்டுக்கு ஒட்டிக்கொண்டது. சிப்பி பொறுக்கப் போன அந்தப் பெண் அப்படியே கரைந்துபோனாள்.

"அவளுக்காகச் சின்ன வயசுல அழுதிருக்கேன்," என்றாள் ரென்ஸ்கெ. "இல்லாதவளுக்காக."

முடிவை வீட்டில் சொல்லத் தீவுக்குப் போனாள். அம்மா பட்டாணி சூப்பைக் கிண்டிக்கொண்டே கேட்டுவிட்டுப் பரிமாறினாள். சிபெதான் கரண்டியைக் கீழே வைத்தான்.

"இத்தனை வருஷம் சேத்துல பொரண்டு, கடைசியில திட்டைத் தூக்கி அவங்ககிட்ட குடுத்துட்டு வந்திருக்கே."

"நான் குடுக்கலை சிபெ. அது அங்கதான் இருந்திருக்கு."

"சொல்லாம விட்டா என்ன ஆகும்? யார் போய்த் தோண்டிப் பாக்கப்போறாங்க?"

"நான் பாத்துட்டேனே."

"உன்னோட படிப்பு முடிவுக்கு மேடையில உனக்குத் துணையா நிக்கச் சொன்னியே, அதுக்கு வேற ஆளைப் பாத்துக்க."

எங்கள் ஊர் வழக்கப்படி பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில் மாணவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் துணை நிற்பார்கள். ஒருத்தி நான். இன்னொருவன் சிபெ என்று அவள் முதலிலேயே முடிவு செய்திருந்தாள். அந்த இடத்துக்கு வேறு யாரையும் அவள் கேட்கவில்லை.

தீவில் அதன்பின் கேக் நின்றது. பேக்கரிக்காரர் ரொட்டியை மட்டும் பையில் போட்டு, வானிலை பற்றிக்கூடப் பேசாமல் கொடுத்தார். அங்கே அது பெரிய தண்டனை. ஃபெர்ரி கேப்டன் ஒரு படி மேலே போனார். ஒலிபெருக்கியில், "பயணிகள் கவனத்துக்கு. இடப்பக்கம் தெரிவது செவிட்டு கிரீட். போன வியாழக்கிழமை வரைக்கும் நம்முடையது" என்று ஒவ்வொரு பயணத்திலும் அறிவித்தார். அதே ஃபெர்ரியில் மேல்தளத்தில் நின்றிருந்த ரென்ஸ்கெ இரண்டு கையாலும் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கூடப் போயிருந்த நான் அழுகிறாள் என்று நினைத்தேன். கிட்டப் போனால் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டும்தான் என்று பிறகு ஒத்துக்கொண்டாள்.

தேர்வு நாள் வந்தது. பழைய மண்டபம். சுவர் முழுக்கச் செத்துப்போன பேராசிரியர்களின் ஓவியங்கள், கீழே கருப்பு அங்கியில் உயிரோடு இருப்பவர்கள். நான் கருப்பு உடையில் ஒரு பக்கம் நின்றேன், இன்னொரு பக்கம் காலி. தீவிலிருந்து யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தோம். கதவு மூடப்போகும் நேரத்தில் கம்பளிச் சட்டையும் காற்றில் கலைந்த தலையுமாக ஒரு கூட்டம் உள்ளே வந்து பின்வரிசையை நிறைத்தது. பேக்கரிக்காரர்கூட இருந்தார். அவர்களுக்கு முன்னால் சிபெ. வாடகைக்கு எடுத்த வால் கோட்டு, கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. வெள்ளை வில் டை கோணலாக இருந்தது. நேராக வந்து அவளுக்கு மறுபக்கத்தில் நின்றான்.

ரென்ஸ்கெ உதட்டை அசைக்காமல், "வரமாட்டேன்னியே" என்றாள்.

"பேசாம இரு. எல்லாரும் பாக்கறாங்க."

கேள்விகள் தொடங்கின. கிளிங்க்ஹாமரின் நண்பர் ஒருவர் சுலபமாகக் கேட்டார். மொழித் துறைக்காரர் தன் கேள்விக்குத் தானே பதில் சொல்லி முடித்தார். எங்கள் வழக்கப்படி ஆய்வேட்டின் கடைசியில் மாணவர் தன் சொந்தக் கருத்துகளாகச் சில வாக்கியங்களும் சேர்ப்பார், அதில் ஒன்று வேடிக்கையாக இருக்கலாம். சேற்றில் ஒரு பூட்ஸையாவது தொலைக்காத சட்டக்காரர் சொல்லும் எல்லையை நம்ப வேண்டாம் என்று அவள் எழுதியிருந்தாள். அதைப் பற்றிக் கேட்டபோது மண்டபமே சிரித்தது. ஸ்தாவ்வெங்கா மட்டும் சிரிக்காமல் தலையாட்டினார், அது அவருக்கு வேடிக்கையாகத் தோன்றியிருக்காது.

பிறகு தெற்கிலிருந்து வந்திருந்த பேராசிரியை ஃபெர்ஹார்ட் எழுந்தார். மெலிந்த உருவம், மெதுவான குரல்.

"நீங்க ஓஸ்டர்ஓக் தீவுலதானே பிறந்தீங்க?"

"ஆமாங்க."

"ஒண்ணு கேக்கறேன். முதல் குழாயிலேயே திட்டு உங்க தீவுக்குத்தான்னு வந்திருந்தா, இத்தனை தடவை போய்த் துளைச்சிருப்பீங்களா?"

பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ரென்ஸ்கெ சட்டக்காரி, சாமர்த்தியமாகச் சுற்றிப் பேசத் தெரிந்தவள். எனக்கே நாலு பதில் மனதில் ஓடியது.

"இல்லீங்க," என்றாள். "சந்தோஷமா நிறுத்தியிருப்பேன். முடிவு எனக்குப் பிடிக்கலை, அதான் தப்பு எங்கயாவது இருக்கும்னு திரும்பத் திரும்பப் போனேன். கிடைக்கலை. பிடிச்ச முடிவா இருந்திருந்தா இதைவிடப் பலவீனமான புத்தகத்தை எழுதியிருப்பேன், நீங்களும் இதைவிடக் கஷ்டமான கேள்வி கேட்டிருப்பீங்க."

ஃபெர்ஹார்ட் அம்மையார் தன் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்த கேள்விக்கு வாய் திறந்தபோது கதவு திறந்தது. மணி ஒலிக்கும் கோலோடு பணியாளர் உள்ளே வந்து, கோலைத் தரையில் தட்டி, நேரம் முடிந்தது என்று லத்தீனில் அறிவித்தார். அதற்குப் பிறகு யாரும் ஒரு வார்த்தையும் கேட்கக் கூடாது. ஃபெர்ஹார்ட் புன்னகையோடு உட்கார்ந்துவிட்டார்.

பட்டம் கொடுத்த பிறகு கீழே பானங்களும், கடுகுச் சாந்தில் தொட்டுத் தின்னும் சூடான இறைச்சி உருண்டைகளும். ரென்ஸ்கெ ஆளுக்கு ஆள் கைகுலுக்கிக்கொண்டிருந்தாள். நான் சிபெயை ஓரமாக இழுத்தேன்.

"எப்படிப்பா மனசு மாறுச்சு?"

"மாறலை," என்றான். "போன வாரம் ஃபெர்ரியில நோர்டர்மேடன்காரன் ஒருத்தன் என் தோள்ல தட்டி, 'உங்க அக்கா நல்ல பொண்ணு, எங்க பக்கம் பேசிட்டா'ன்னான். எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. 'அவ யார் பக்கமும் பேசலை, சேத்துல என்ன இருந்துச்சோ அதைச் சொன்னா'ன்னு கத்திட்டேன். கேப்டன் கேட்டுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் எப்படி வராம இருக்க முடியும்? இந்தக் கோட்டு வேற கழுத்தை நெரிக்குது."

ரென்ஸ்கெ வந்து அவன் டையை நேராக்கினாள். அவன் தட்டிலிருந்த கடைசி உருண்டையை அவள் எடுத்துத் தின்றாள், அவன் தடுக்கவில்லை.

எலும்புக்கூடு நோர்டர்மேடனுக்குப் போனது. தீவு மேயர் வழக்குப் போடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் ஸ்தாவ்வெங்காவிடம் போய் வேறொன்று கேட்டார்: திட்டு நகர்கிறதா? நகர்கிறது என்றார் அவர். எந்தப் பக்கம்? கிழக்கே, தீவின் வால்முனையை நோக்கி. உங்கள் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் காலத்தில் ஒட்டிக்கொள்ளலாம், மெல்லத்தான். "மெல்லன்னா எல்லையும் கூட வரும்ல?" என்று மேயர் ரென்ஸ்கெயைக் கேட்டார். அப்போது வாதாடலாம் என்றாள் அவள். மேயர் திருப்தியாகத் திரும்பிப் போனார். பேக்கரியில் கேக் மறுபடி வந்தது, ஆனால் இப்போது காசு வாங்குகிறார்கள்.

பல்கலைக்கழகத்தில் அந்த ஆய்வேட்டுக்குப் பேர் கிடைத்தது. அந்த வருஷம் சட்டம், மண்ணியல், மொழி என்று மூன்று துறைகளும் தங்கள் ஆண்டறிக்கையில் அதைத் தங்கள் சாதனையாக அச்சடித்தன. சிபெயிடம் சொன்னேன். "அப்ப இவளும் அந்தத் திமிங்கலம்தான்," என்றான். அவள் அதை ரசித்தாள்.

மூன்று துறையும் சேர்ந்து அவளுக்கு ஒரு வேலையும் கொடுத்தன. மூன்று கட்டடத்துக்கும் சாவி உண்டு, மூன்றிலும் பேர்ப்பலகை உண்டு, நாற்காலிதான் எங்குமில்லை. ஒவ்வொரு துறையும் மற்ற இரண்டில் ஒன்றில் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டது. அவளுடைய பழைய அறையையும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள், அதனால் என் அறையில் ஜன்னலோர மேஜையில் உட்கார்கிறாள். என் செடித்தொட்டிகளை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டாள். மாணவர்கள் வருகிறார்கள், தரையில் வரைபடங்களை விரித்து மண்டியிட்டுக்கொண்டு வாதாடுகிறார்கள். எனக்குப் படிக்க இடமில்லை, ஆனால் முன்னைவிட அதிகமாகச் சிரிக்கிறேன்.

போன வாரம் எல்லைக்கு அப்பால் ஜெர்மன் கரையிலிருந்து ஒரு அழைப்பு. மணல்மேடு ஒன்று நகர்ந்து வந்து ஒரு ஆட்டுக் கொட்டகையை அப்படியே பக்கத்துக்காரர் நிலத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறதாம். ஆடுகள் உள்ளேயே இருக்கின்றனவாம், இரண்டு பேரும் பால் கறக்கிறார்களாம். ரென்ஸ்கெ அன்றைக்கே துளைக்குழாய்களைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறினாள். நேற்று செய்தி அனுப்பியிருந்தாள்: கொட்டகை இன்னும் நகருது, சனிக்கிழமை என் வகுப்பை நீ எடுத்துக்க, ஆட்டுப்பால் சீஸ் வாங்கிட்டு வர்றேன்.